பைத்தானின் தேடுபாதையும் இடம்பெறாத மூன்றாம் அடுக்கும்

பைத்தான் நிரல் ஒரு மாட்யூலைக் கேட்கும்போது, மொழி அதை ஒரு பட்டியலின் வரிசைப்படி தேடுகிறது. முதலில் நிரல் இருக்கும் கோப்புறை. அடுத்து 'பைத்தான்பாத்' என்னும் சூழல் மாறி சுட்டும் இடங்கள். பிறகு மொழியோடு வரும் நூலகம். இறுதியில் பிறர் எழுதியவை நிறுவப்படும் 'சைட்-பேக்கேஜஸ்'. முதலில் அகப்பட்டதே ஏற்கப்படும். அதே பெயரில் வேறொரு பதிப்பு பின்னால் இருந்தாலும் எச்சரிக்கை ஏதும் எழுவதில்லை.

1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட இம்மொழியில், ஒரு நிறுவலுக்கு ஒரே சைட்-பேக்கேஜஸ் என்பதே நெடுங்காலம் வழக்கம். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் இரு பணிகளுக்குத் தேவைப்பட்டால் ஒன்று உடையும். 2007இல் இயன் பிக்கிங் உருவாக்கிய 'வர்ச்சுவலென்வ்' இதற்கு விடை கண்டது. பைத்தான், தன் இயங்குகோப்பு இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கிச் சென்று நூலகத்தின் ஓர் அடையாளக் கோப்பைத் தேடும். அது கிடைக்கும் இடமே அதன் இல்லம். பிக்கிங் இயங்குகோப்பைப் புதிய கோப்புறைக்குப் படியெடுத்து, இல்லமே மாறிவிட்டதாக மொழியை நம்பவைத்தார். அழகான ஏமாற்றுதான். ஆனால் பைத்தானின் தொடக்க மாட்யூல் ஒன்றின் திருத்திய நகலையும் அது சுமக்க வேண்டியிருந்தது.

அந்தச் சுமையை இறக்கும் முன்மொழிவை, பெப் 405 என்ற எண்ணில், 2011இல் கார்ல் மேயர் எழுதினார்; 2012இல் வந்த பைத்தான் 3.3 அதை ஏற்றது. இனி ஒரு சிறு உரைக்கோப்பு போதும். அடித்தளப் பைத்தான் எங்கே, அதன் தொகுப்புகள் தெரிய வேண்டுமா என்பவற்றை அதுவே சொல்லும்.

இங்கேதான் ஒரு வரம்பு நிலைபெற்றது: அடித்தளம் ஒன்று, அதன்மேல் சூழல் ஒன்று. ஆய்வகங்களின் நடைமுறையோ வேறு. பொதுக் கணினியில் பெரிய நூலகங்கள் கொண்ட பகிர்வுச் சூழல் ஒன்று இருக்கும். மாணவர் அதன்மேல் தமக்கென ஒன்றை அடுக்க விழைவார். பகிர்வுச் சூழலுக்குள் நின்று, அடித்தளத் தொகுப்புகள் தெரியுமாறு புதியதை உருவாக்கினாலும், அது காண்பது அடித்தளத்தை மட்டுமே. நடு அடுக்கு மறைந்துவிடும்.

பலர் கையாளும் குறுக்குவழி பைத்தான்பாத். அது பகிர்வுத் தொகுப்புகளை மாணவரின் சொந்த சைட்-பேக்கேஜஸுக்கு முன்னே நிறுத்துகிறது. அவர் புதிய நம்பை நிறுவியிருப்பார். கணக்கிடுவது பழைய நம்பை.

பொருத்தமான வழி, மாணவரின் சைட்-பேக்கேஜஸில் '.பிடிஎச்' என முடியும் கோப்பை வைத்து, பகிர்வுக் கோப்புறையின் முகவரியை அதில் ஒரு வரியாக எழுதுவது. அந்த முகவரி பட்டியலின் கடைசியில் சேரும். மாணவரின் பதிப்பே முந்தும். ஒரு குறை உண்டு: பகிர்வுக் கோப்புறைக்குள் இருக்கும் பிற .பிடிஎச் கோப்புகள் இவ்வாறு வாசிக்கப்படா. அவையும் தேவையெனில், 'இம்போர்ட்' என்று தொடங்கும் வரியொன்றில் 'சைட்.ஆட்சைட்டிர்' என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். பைத்தான் தொடங்கும்போதெல்லாம் அவ்வரி இயக்கப்படும். கீழ் அடுக்கை நிர்வாகி புதுப்பித்தால் மட்டும் தப்ப வழியில்லை: மாணவரின் கோப்புறையில் ஓரெழுத்தும் மாறாமலே அவருடைய முடிவுகள் மாறலாம்.