அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: யாரை எண்ணுவது என்ற தகராறு

ஐக்கிய அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கு, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்கிறது. இடங்கள் 435 மட்டுமே. ஒரு மாநிலத்துக்குக் கூடினால் இன்னொன்றுக்குக் குறையும். அதிபர் தேர்தலில் மாநிலங்களுக்குள்ள வாக்குகளும் இதையொட்டியே அமைவதால், தலைகளை எண்ணும் வேலை அங்கே தொடக்கத்திலிருந்தே அரசியல்தான்.

1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களிடமே முதல் சண்டை மூண்டது. அடிமைகளையும் ஆளுக்கு ஒன்றாக எண்ண வேண்டும் என்றன தென் மாநிலங்கள். வாக்கும் உரிமையும் தராமல் எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்பது என்ன நியாயம் என்றது வடக்கு. அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்ப்பதென்று பேரம் முடிந்தது. வரி செலுத்தாத பூர்வகுடிகள் கணக்கிலேயே வரவில்லை. 1790இல் எடுத்த முதல் கணக்கில் மக்கள்தொகை சுமார் 39 லட்சம். அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அவர்களால் கிடைத்த கூடுதல் இடங்களில் அமர்ந்தவர்கள் அவர்களை அடிமைப்படுத்தியவர்களின் பிரதிநிதிகள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல் வந்த 14ஆவது திருத்தம், வரி செலுத்தாத பூர்வகுடிகள் தவிர அனைவரையும் முழு ஆளாக எண்ணச் சொன்னது. இதிலும் தெற்குக்கே லாபம்: கறுப்பினத்தவரை முழுதாக எண்ணி இடங்களை வாங்கிக்கொண்டு, அவர்களை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் பல பத்தாண்டுகள் தடுத்தது. அப்படித் தடுக்கும் மாநிலத்துக்கு இடங்களைக் குறைக்க வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. அந்தப் பிரிவு ஒருமுறைகூடச் செயலுக்கு வந்ததில்லை.

1920 கணக்கெடுப்பில் நகரவாசிகள் முதன்முறையாகக் கிராமத்தாரை விஞ்சினர். அந்த முடிவின்படி இடங்களைப் பங்கிடாமலே நாடாளுமன்றம் பத்தாண்டைக் கடத்தியது.

கணக்கில் விடுபடுவோர் எத்தனை பேர் என்பது இரண்டாம் உலகப் போரின்போது அம்பலமானது. 1940 கணக்கெடுப்பு சொன்னதைவிடக் கூடுதலான இளைஞர்கள் ராணுவப் பதிவுக்கு வந்து நின்றார்கள். கறுப்பின இளைஞர்களில் இந்த வேறுபாடு சுமார் 13 விழுக்காடு. 1990 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுபட்டதாக மதிப்பிட்ட கணக்கெடுப்புத் துறை, எண்ணிக்கையைத் திருத்தப் பரிந்துரைத்தது. அதற்குப் பொறுப்பான வணிகத் துறைச் செயலர் ராபர்ட் மோஸ்பாக்கர் மறுத்தார். விடுபட்டவர்களில் பலர் ஜனநாயகக் கட்சிக்குச் செல்வாக்குள்ள பெருநகரவாசிகள், செயலர் குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். விடுபட்டவர்களை ஈடுகட்ட, ஒரு பகுதியினரை மட்டும் ஆய்ந்து மொத்தத்தைக் கணிக்கும் மாதிரிக் கணிப்பை இடப் பங்கீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாதென 1999இல் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது.

2000ஆம் ஆண்டில் கடைசி இடம், அதாவது 435ஆவது, வட கரோலினாவுக்குப் போனது. யூட்டா மாநிலத்துக்கு 856 பேர் போதவில்லை. மார்மன் திருச்சபைப் பணிக்காக வெளிநாடு சென்றிருந்த தன் மக்கள் 11,000க்கும் அதிகம்; வெளிநாட்டிலுள்ள படைவீரர்களைச் சேர்க்கும்போது இவர்களை ஏன் விடுகிறீர்கள் என்று யூட்டா வழக்குப் போட்டுத் தோற்றது. அடுத்து வேறொரு நடைமுறையைப் பிடித்தது. பலமுறை போயும் ஒரு வீட்டைப் பற்றித் தகவல் கிடைக்காவிட்டால், அக்கம்பக்கத்து வீட்டு விவரத்தை வைத்து ஆள் எண்ணிக்கையை நிரப்புவது துறையின் வழக்கம். அப்படி நாடு முழுவதும் சேர்ந்தவர்கள் சுமார் 12 லட்சம். இதுவும் மாதிரிக் கணிப்புதானே என்ற வாதத்தை 2002இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2010 கணக்கெடுப்புக்குப் பிறகே யூட்டாவுக்கு நான்காவது இடம் கிடைத்தது.

குடியேறிகளையும் எண்ணுவதா என்ற சர்ச்சை அதிபர் டிரம்ப் ஆட்சியில் முற்றியது. 2020 படிவத்தில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்ப்பதாக 2018இல் வணிகத் துறைச் செயலர் வில்பர் ராஸ் அறிவித்தார். பயந்துபோய்ப் பலர் படிவத்தை நிரப்பமாட்டார்கள் என்று மாநிலங்களும் நகரங்களும் நீதிமன்றம் ஏறின. அரசு சொன்ன காரணம் ஜோடிக்கப்பட்டது என்று கூறி 2019இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆவணமற்ற குடியேறிகளை இடப் பங்கீட்டுக் கணக்கிலிருந்து நீக்குமாறு டிரம்ப் 2020 ஜூலையில் பிறப்பித்த ஆணையை, அடுத்த அதிபர் பைடன் பதவியேற்ற நாளிலேயே ரத்து செய்தார். 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் இருந்திருந்தால் தப்பியிருக்கும். ஹிஸ்பானியரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் விடுபட்டதாகத் துறையே பிறகு மதிப்பிட்டது. மீண்டும் அதிபரான டிரம்ப், சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைச் சேர்க்காத புதிய கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டிருப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார்.