பூட்டிய ஏடும் திறந்த ஏடும்

அரசு வைத்திருக்கும் பதிவேட்டைக் குடிமக்கள் பார்க்கலாமா என்பதை நாம் பெரும்பாலும் சட்ட நுணுக்கமாகவே பேசி வருகிறோம். அது உயிர் குறித்த கேள்வியும் ஆகும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

1989 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ரெபெக்கா ஷேஃபர் என்னும் 21 வயது நடிகை தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் நெடுநாள் அவரைப் பின்தொடர்ந்த வெறிபிடித்த இரசிகன். தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தி, கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் ஆவணம் வழியாக அவன் முகவரியைப் பெற்றான். பூட்டை உடைக்காமலே அவனுக்குக் கதவு திறந்திருந்தது.

1994 ஜூலையில் நியூ ஜெர்சியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கொன்றவன் எதிர்வீட்டில் குடியிருந்தவன். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக முன்பே தண்டனை பெற்றவன். நீதிமன்ற ஏடு அதனை அறிந்திருந்தது, பெற்றோர் அறியவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கா இயற்றிய குற்றத்தடுப்புச் சட்டத்தில் ஒரு விந்தையைக் காண்கிறோம். அதன் ஒரு பகுதி, வாகன ஆவணங்களில் உள்ள தனிமனித விவரங்களை வெளியாருக்குத் தருவதற்குத் தடை விதித்தது. இன்னொரு பகுதி, பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டை மாநிலங்கள் பேணவேண்டும் என்றது. 1996இல் வந்த மேகன் சட்டம், அப்பதிவேட்டுச் செய்தியைப் பொதுமக்களுக்குத் தருவதைக் கட்டாயமாக்கியது. ஓர் ஏட்டை மூடியதும் மற்றோர் ஏட்டைத் திறந்ததும் பாதுகாப்பின் பெயராலேயே.

திறந்த ஏட்டிற்கும் ஒரு விலை இருந்தது. 2006 ஏப்ரலில் மெய்ன் மாநிலத்தில் ஓர் இளைஞன், இணையப் பதிவேட்டில் முகவரி பார்த்து, அதில் பெயர் இருந்த இருவரைத் தேடிச்சென்று கொன்றான். அவர்களுள் ஒருவர், தம் பதின்பருவத்தில், உரிய வயதை எட்டாத காதலியோடு கொண்ட உறவுக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்.

இங்கிலாந்து வேறு வழியை நாடியது. 2009இல் சால்ஃபோர்டில் கிளேர் வுட் என்ற பெண் முன்னாள் காதலனால் கொல்லப்பட்டார். பெண்களைத் துன்புறுத்திய பழைய வரலாறு அவனுக்கு உண்டு. மகளுக்கு அது தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று தந்தை போராடினார். 2012இல் சோதனையாகத் தொடங்கிய திட்டம், 2014 மார்ச் 8 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதனைக் கிளேர் சட்டம் என்கின்றனர். இங்கே ஏடு ஊருக்குத் திறக்கப்படவில்லை. துணைவனைப் பற்றி ஐயுறும் பெண் காவல்துறையிடம் கேட்கலாம். அவளுக்காக உறவினரும் கேட்கலாம். ஆபத்து உண்டெனக் கண்டால், தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள அச்செய்தி யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் சொல்லப்படும். அதனை அவர் பரப்பலாகாது.

இந்தியாவிலும் 2018இல் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் உருவாயிற்று. அதனைக் காவல் முதலிய விசாரணை அமைப்புகளே காணமுடியும். அஞ்சுகிறவர் தாமாகத் தேட இயலாது.

ஏடு திறந்திருக்கவேண்டுமா, மூடியிருக்கவேண்டுமா என்று கேட்பதே போதாது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிக்க ஒருவர் இடையில் இருக்கிறாரா என்பதே கேள்வி. லாஸ் ஏஞ்சலஸில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த நடிகை பிழைத்திருக்கக்கூடும். இன்னொன்றையும் மறத்தலாகாது. பதிவேட்டில் இருப்பவை அரசின் பார்வைக்கு எட்டிய குற்றங்கள் மட்டுமே. அதில் ஒருவன் பெயர் இல்லை என்பது அவன் நல்லவன் என்பதற்குச் சான்று ஆகாது.