செல்லப்பிள்ளை கலகம்

வீட்டில் பையன் கம்ப்யூட்டரில் சாம்ராஜ்யம் கட்டி விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் ஒரு மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். பாதி வரைபடம் கைக்கு வந்ததும் கொட்டாவி விடுவான். காரணம் சிம்பிள். எதிர்க்க ஆளில்லை!

விளையாட்டைத் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் கடைசிக் கட்டத்தில் ஒரு கலகத்தைக் கிளப்பிவிடுவார்கள். ஏதோ ஒரு மூலையில் நாலு பேர் கத்தியோடு முளைப்பார்கள். பையன் அவர்களை நசுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். 2011-ல் வந்த ‘ஷோகன் 2’ கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்தது. உங்கள் புகழ் ஓர் அளவைத் தாண்டினால் மற்ற குலங்களெல்லாம் உங்கள் மேல் பாயும். சவால்தான். ஆனால், அதுவும் வெளியே இருந்து வரும் எதிரிதானே?

நிஜமான ஆபத்து எங்கிருந்து வரும்? வாருங்கள், எட்டாம் நூற்றாண்டுச் சீனாவுக்குப் போவோம்.

தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி சுவான்சோங். 712-ல் பட்டத்துக்கு வந்தவர். எல்லை விரிந்தது, கஜானா நிறைந்தது. விளையாட்டுக் கணக்கில் அவர் ஜெயித்தாயிற்று. ஆனால், அவ்வளவு நீண்ட எல்லையைக் காக்க அங்கேயே நிரந்தரப் படை வேண்டுமே! சுமார் 4,90,000 வீரர்கள் எல்லையில் நின்றார்கள். அதில் 1,80,000 பேருக்கு மேல் ஒரே ஆள் கையில். பெயர், அன் லூஷான். வடகிழக்கில் மூன்று எல்லை மாகாணங்களின் தளபதி. அரண்மனையின் செல்லப்பிள்ளை. சக்கரவர்த்தியின் காதலி யாங் குய்ஃபெய் அவரைத் தன் வளர்ப்பு மகன் என்றே கொண்டாடினார்.

755 டிசம்பரில் செல்லப்பிள்ளை வாளை உருவியது. ஒரே மாதத்தில் லோயாங் நகரம் காலி. 756-ல் தலைநகர் சாங்கானும் போயிற்று. தப்பி ஓடும் வழியில் சொந்தக் காவல் வீரர்களே முரண்டு பிடிக்க, காதலியின் உயிரைக் கொடுத்துத்தான் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார் அந்தக் கிழவர்.

757-ல் அன் லூஷான் கொலையானார், சொந்த மகனின் சதியில். அத்தோடு கலகம் முடிந்ததா? அதுதான் இல்லை. 763 வரை எரிந்தது. கடைசியில் உய்குர் குதிரைப்படையைத் துணைக்கு அழைத்து, கலகத் தளபதிகளில் பலரை மன்னித்து, வடகிழக்கை அவர்கள் கையிலேயே விட்டுவைத்துத்தான் அணைக்க முடிந்தது.

754-ல் அரசாங்கக் கணக்கில் இருந்த மக்கள் சுமார் 5.3 கோடி. 764-ல் 1.7 கோடி. மிச்சப்பேர் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. செத்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள் போக, பல மாகாணங்களில் தலை எண்ண அரசாங்கமே இல்லை! வம்சம் 907 வரை நீடித்தது. ஆனால், பழைய பிடி திரும்பவே இல்லை.

கலகத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கான சூத்திரம் இதில் இருக்கிறது. கலகக்காரன் தானாக முளைக்கக் கூடாது. அவனை ஆட்டக்காரனே வளர்க்க வேண்டும். தளபதிக்குப் படை கொடுக்காவிட்டால் எல்லை போகும். கொடுத்தால், ஒருநாள் தலைநகரே போகும். இரண்டில் எது என்று முடிவெடுக்க வேண்டிய நிமிடத்தில் எந்தப் பையனாவது கொட்டாவி விடுவானா, சொல்லுங்கள்!