கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ

அம்பாசடர் போன்ற பழைய பெட்ரோல் கார்களில், கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பி எஞ்சினுக்குள்ளோ வெளியிலோ வழியும் கோளாறு. பெட்ரோல் நெடி, கரும்புகை, நனைந்து கறுத்த பிளக், சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப மறுப்பது ஆகியவை அறிகுறிகள்.

அறை நிரம்பியதும் மிதவை எழும்பி ஊசி வால்வை அதன் இருக்கையில் அழுத்தி பெட்ரோல் வரத்தை நிறுத்த வேண்டும். டேங்க் துருவின் ஒரு துகள் இடையில் சிக்கினாலே போதும், வால்வு சரியாக மூடாது. ஆகவே முதலில் வால்வையும் இருக்கையையும் கழுவிப் பார்ப்பதே முறை. எடுத்த எடுப்பில் புது கார்புரேட்டர் வாங்குவது வீண்செலவு. அடுத்து மிதவையைக் காதருகே குலுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. வால்வு நுனியில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் வால்வையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மிதவை மட்டம், பம்ப் அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். மூடியே நிற்கும் சோக்கும் இதேபோன்ற அறிகுறிகளைக் காட்டலாம்.

அவசரத்துக்கு, வெளியே கசிவு இல்லாதபோது மட்டும், சோக்கைத் திறந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிகுதிப் பெட்ரோல் வெளியேறும். பெட்ரோல் வெளியே வழிந்திருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சின் ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. நீர்த்த ஆயிலில் பேரிங்குகள் விரைவில் தேயும்.