அமெரிக்க வீடுகளில் அலுமினிய வயரிங்

அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை கட்டப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகளுக்கு, விளக்குகளுக்கும் பிளக் பாயிண்டுகளுக்கும் மின்சாரம் கொண்டுசெல்ல அலுமினியக் கம்பி இழுக்கப்பட்டது. பல தலைமுறைகளாகச் செம்பு இருந்த இடத்தை அலுமினியம் சில ஆண்டுகளில் பிடித்தது. அதே வேகத்தில் இழக்கவும் செய்தது.

மின்துறைக்கு அலுமினியம் புதிதல்ல. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எருவும் தனித்தனியே கண்டறிந்த மின்னாற்பகுப்பு முறையால் அதன் விலை சரிந்தது. செம்பின் மின்கடத்து திறனில் 61 சதவீதமே அதற்கு உண்டு. ஆனாலும் எடை மிகக் குறைவு என்பதால், ஒரே அளவு மின்தடைக்குச் செம்பின் பாதி எடை அலுமினியமே போதும். கம்பங்களில் தொங்கும் நீண்ட மின்பாதைகளுக்கு இது பெரிய வசதி.

வீட்டுக்குள் அதை வரவழைத்தது செம்பின் விலை. வியட்நாம் போரால் 1960களில் செம்புத் தேவை பெருகியது. 1967 ஜூலையில் தொடங்கி எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்த செம்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தட்டுப்பாட்டை முற்றவைத்தது. வேகமாக எழும்பிய புறநகர் வீடுகளுக்கு மலிவான கம்பி வேண்டியிருந்தது. கடத்து திறன் குறைவை ஈடுகட்ட, கம்பியை ஓர் அளவு தடிமனாக்கினார்கள்: 15 ஆம்பியர் சுற்றுக்குச் செம்பில் 14 கேஜ் என்றால், அலுமினியத்தில் 12 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்). கம்பியின் உலோகம் மின்பாதைகளில் ஓடிய அதே வகை. அதை முறுக்கிய சுவிட்சுகளும் சாக்கெட்டுகளும் பெரும்பாலும் செம்பை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை.

கோளாறு அங்கேதான் பிறந்தது. சாக்கெட்டின் பின்புறம் ஸ்க்ரூவைச் சுற்றி வளைத்து முறுக்கப்பட்ட கம்பி, மின்சாரம் பாயும்போது சூடேறி விரிகிறது. அலுமினியம் செம்பைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். எஃகு ஸ்க்ரூவோ அவ்வளவு விரியாது. மிருதுவான கம்பி அழுத்தம் தாங்காமல் நசுங்கிப் பிதுங்குகிறது. ஆறியபின் பிடி தளர்ந்துவிடுகிறது. காற்றுப் பட்ட அலுமினியத்தின்மேல் உடனே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. தளர்ச்சியும் ஆக்சைடும் சேர்ந்து தடையைக் கூட்ட, கூடிய தடை மேலும் சூடாக்குகிறது. ஓடும் மின்சாரம் வழக்கமான அளவிலேயே இருப்பதால் பிரேக்கர் விழுவதில்லை. சுவருக்குள் பிளாஸ்டிக் கருகுவது வீட்டாருக்குத் தெரிவதும் இல்லை.

எச்சரிக்கைகள் வரத் தொடங்கியபின் 1970களின் தொடக்கத்தில் மேம்பட்ட அலுமினியக் கலவைகளும், அலுமினியக் கம்பிக்கு ஏற்றவை என்று 'சிஓ/ஏஎல்ஆர்' முத்திரையிட்ட சுவிட்ச், சாக்கெட்டுகளும் சந்தைக்கு வந்தன. ஆனால் பழைய வீடுகள் அப்படியே இருந்தன. 1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் ஊரில் வீடொன்று தீப்பிடித்து இருவர் இறந்தனர். சாக்கெட் ஒன்றின் பழுதான அலுமினிய இணைப்பே காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் கண்டனர். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடந்த ஆய்வு, 1972க்கு முந்தைய அலுமினிய வயரிங் உள்ள வீடுகளில் இணைப்புகள் தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்றது. மூடித் தகட்டின் ஸ்க்ரூ 149 டிகிரி செல்சியஸைத் தொடுவது, பொறி பறப்பது, சுற்றியுள்ள பொருள் கருகுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலே அது தீ அபாய நிலை.

பழைய வீடுகளுக்கு மூன்று தீர்வுகளை ஆணையம் ஏற்கிறது. முழுக்கச் செம்புக் கம்பி மாற்றுவது முதலாவது. உறுதியானது, செலவும் அதிகம். அலுமினியக் கம்பியின் முனையில் சிறு செம்புத் துண்டை வைத்து, தனிக் கருவியால் பெரும் விசையில் நசுக்கி ஒன்றாக்கும் 'காப்பலம்' முறை இரண்டாவது. இரு உலோகங்களையும் தனித்தனித் துளைகளில் ஸ்க்ரூவால் இறுக்கும் 'அலுமிகான்' இணைப்பான் மூன்றாவது. எதுவானாலும் வீட்டின் ஒவ்வோர் இணைப்பிலும் செய்தாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அபாயம் அங்கே தங்கிவிடும். வெதுவெதுப்பான மூடித் தகடு, காரணமின்றி மினுக்கும் விளக்கு, பிளாஸ்டிக் கருகும் வாடை ஆகியவை தெரிந்தால், சுற்றை அணைத்துவிட்டு இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைப்பதே வழி.

அலுமினியம் இன்றும் அமெரிக்க வீடுகளை விட்டுப் போகவில்லை. தெருவிலிருந்து மீட்டருக்கு வரும் தடித்த கம்பிகளில், அதற்கென வடிவமைத்த முனைகளோடு அது நம்பகமாகவே உழைக்கிறது. ஓர் உலோகத்துக்குப் பதில் இன்னோர் உலோகத்தைக் கொண்டுவரும்போது, அது எதனோடு சேருகிறதோ அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதை, பல குடும்பங்கள் விலை கொடுத்த பிறகே கட்டுமானத் துறை விதியாக்கிக்கொண்டது.