செயல்நினைவு

செயல்நினைவு என்பது ஒரு பணிக்குத் தேவையான தகவலைச் சில நொடிகள் மனத்தில் தாங்கவும் கையாளவும் உதவும் அறிதிறன். தகவலைத் தாங்குவதோடு நிற்கும் குறுகியகால நினைவினின்றும் இது வேறுபட்டது.

கூறுகள்: உளவியலாளர்கள் ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் இருவரும் 1974இல் முன்வைத்த மாதிரி இதனை மைய நிர்வாகி (கவனக் கட்டுப்பாடு), ஒலிவளையம் (சொல், ஒலித் தகவல்), காட்சி-இடப் பலகை (காட்சி, இடத் தகவல்) என மூன்றாகப் பகுத்தது. கொள்ளளவு ஏறத்தாழ 4 தகவல் தொகுதிகள் என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் மதிப்பீடு (2001).

மூளைப் பகுதிகள்: முன்நெற்றிப் புறணி கவனத்தை நெறிப்படுத்துகிறது, சுவர்மடலின் பின்பகுதி இடத் தகவலைத் தாங்குகிறது, இடப்பக்க ப்ரோக்கா பகுதி சொற்களை ஒலியின்றி மீளச் சொல்கிறது, அடித்தள நரம்புமுடிச்சுகள் புதிய தகவலின் நுழைவைக் கட்டுப்படுத்துகின்றன. விடையளிக்கக் காத்திருக்கும் இடைவேளையிலும் குரங்கின் முன்நெற்றி நரம்பணுக்கள் தொடர்ந்து இயங்குவதை ஆய்வாளர்கள் ஃபூஸ்டர், அலெக்சாண்டர் 1971இல் பதிவுசெய்தனர்.

தமிழ் மரபில்: பலர் ஒரே அமர்வில் தரும் பாடல் ஈற்றடி, கணக்கு, மணியோசை, முதுகில் எறியும் நெல்மணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நினைவிலிருத்தி விடைகூறும் அவதானக் கலை (கவனகம்) இத்திறனின் உயர்பயிற்சி. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (நூறு செய்திகளில் ஒருசேரக் கவனம் செலுத்தும் அவதானம்) நிகழ்த்தினார். இத்தகைய நெடும்பயிற்சியில் உருவாகும் நீண்டகால நினைவுக் கட்டமைப்புகள் செயல்நினைவின் சுமையைக் குறைக்கின்றன என்பது உளவியலாளர்கள் எரிக்சன், கின்ச் ஆகியோரின் விளக்கம் (1995).