மழை விட்டாச்சா? மொபைலோட மரக்கட்டைகிட்ட உட்காருங்க!

மழை பெய்த மறுநாள் காலை, கொல்லையில் கிடக்கும் பட்டுப்போன மாங்கட்டையைக் குனிந்து பாருங்க. சாம்பல் கலந்த வெள்ளையில், விரல் நகம் அளவுக்கு விசிறி விசிறியா ஏதாவது ஒட்டியிருக்கா? அது பெரும்பாலும் ‘ஸ்கைஸோஃபில்லம் கம்யூன்’ என்ற காளானாக இருக்கும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் வளர்வது.

மேலே இருந்து பார்த்தால், ‘இதையெல்லாமா போட்டோ எடுப்பாங்க?’ன்னுதான் தோணும். அடிப்பக்கத்தில்தான் விஷயமே இருக்கு. வெளிர் ரோஸ் நிறத்தில் வரிசையாக மடிப்புகள். ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் காய்ந்தால் சுருண்டு மூடிக்கொள்ளும், நனைந்தால் திரும்ப விரியும். மழைக்கு மறுநாள் போகச் சொல்றது அதுக்காகத்தான். பளிச்னு கலர் வேணும்னா, ஆரஞ்சு சிவப்பில் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ‘பிக்னோபோரஸ்’ காளானைத் தேடுங்க.

நின்றபடி மேலிருந்து எடுக்கிற படம் தேறவே தேறாது. மொபைலைத் தலைகீழாகப் பிடிங்க. லென்ஸ் தரையை ஒட்டி, காளானின் மட்டத்துக்கு வந்துடும். இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிற ஆழமே சில மில்லிமீட்டர்தான், கை லேசா ஆடினாலும் போச்சு. மணல் நிரப்பிய சின்னப் பை மேல மொபைலைச் சாய்த்து, 2 செகண்ட் டைமர் போடுங்க. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. ஃப்ளாஷ் வேண்டாம், ஈரத்தில் பட்டு வெள்ளை வெள்ளையா அடிக்கும். அதுக்குப் பதிலா ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் பிடித்தாலே அடிப்பக்கத்து இருட்டு விலகிடும். விலை குறைந்த மொபைல்களில் வரும் 2 மெகாபிக்ஸல் மேக்ரோ கேமராவை நம்பாதீங்க. மெயின் கேமராவில் சற்றுத் தள்ளி எடுத்து கிராப் செய்தாலே அதைவிட நல்லா வரும்.

தொப்பி, அடிப்பக்கம், தண்டு, வளர்ந்த கட்டை என நாலும் தெரியும்படி தனித்தனியாக எடுத்து வைங்க. பேர் கண்டுபிடிக்க இதெல்லாம் வேணும். பேரே வைக்காத காளானாகக்கூட அது இருக்கலாம்! உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்கிறது 2017-ல் வந்த ஒரு மதிப்பீடு. இதுவரை பேர் வைத்தது ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான்.

மேகாலயாவில் காய்ந்த மூங்கிலில் வளரும், இருட்டில் பச்சையாக ஒளிரும் ஒரு குட்டிக் காளானுக்கு 2020-ல்தான் ‘ரோரிடோமைசஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ்’ எனப் பேர் வைத்தாங்க. ஒளிர்வது தண்டு மட்டும்தான். அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் காளான் படங்களுக்குப் பேர்போன ஆஸ்திரேலிய போட்டோகிராஃபர் ஸ்டீவ் ஆக்ஸ்ஃபோர்டும் ஒருவர். உள்ளூர்க்காரங்களுக்கு இது புதுசே இல்ல. அந்த மூங்கில் குச்சிகளையே ராத்திரியில் டார்ச் மாதிரி பிடிச்சுட்டுப் போயிருக்காங்க.

படத்துக்காகக் காளானைப் பிடுங்காதீங்க, கட்டையைப் புரட்டாதீங்க. அடியில் தேளோ பூரானோ இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் போகணும்னா வனத்துறை அனுமதி வேணும். முக்கியமா, போட்டோவை வெச்சு ஆப் சொல்ற பேரை நம்பி எதையும் சமைச்சுடாதீங்க.